ஆபீஸ் டூரில் துடுப்பு போட்டவர்கள் இருக்கிறீர்களா? மனதை விட்டுப் போகாத ஒரு விஷயம்

கோரிப்பாளையம் குமாஸ்தா:

போன வருஷம் ஆபீஸில் இருந்து கொடைக்கானல் போனோம், மதுரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேறு எங்கே கூட்டிப்போவார்கள். ஏரியில் பெடல் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார், அதில்தான் டீம் ஒர்க் வரும் என்று. கரையோரமாகக் கொஞ்ச தூரம் நீங்களே போட்டுப் பாருங்கள் என்று படகுக்காரரும் துடுப்பைக் கொடுத்தார். நடுப் பலகையில் நானும் கேஷியரும், ஆளுக்கு ஒரு துடுப்பு. எதிரே உட்கார்ந்து மேனேஜர் 'ஒன், டூ' சொல்கிறார். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் உதவியாளர் அண்ணன்.

துடுப்பு போட்டவர்களுக்குத் தெரியும், போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காரணும், விட்டு வந்த கரைதான் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கையில் பலம் இருக்கு, கேஷியருக்குத் தோள்வலி. நான் இழுக்க இழுக்கப் படகு அவர் பக்கமே திரும்பி, இருபது நிமிஷம் ஒரே இடத்தில் வட்டம் அடித்தது. மேனேஜர் சத்தத்தைக் கூட்டினார், நான் பலத்தைக் கூட்டினேன், வட்டம் இன்னும் வேகமாகச் சுற்றியது.

அப்போதுதான் பின்னால் இருந்து என் தோளில் ஒரு கை வந்தது. "தம்பி, நீங்க குறைங்க. பலமா இருக்கிறவுகதான் குறைக்கணும், அவுகளால கூட்ட முடியாதுல்ல." இன்னொரு கையைக் கேஷியர் தோளில் வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து முன்னால் சாய்த்து, பின்னால் சாய்த்து, எண்ணிக்கை எதுவும் இல்லாமல் தொண்டைக்குள்ளேயே 'ஏலேலோ' என்று இழுத்தார். அதுவரை 'சளப்... சளப்' என்று முன்னும் பின்னுமாக விழுந்த இரண்டு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தது. அந்த ஒரே சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கு. படகு நேராகப் போனது.

அவர் தொண்டிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அப்பாவோடு வத்தையில், அதாவது சின்னப் படகில், கடலுக்குப் போய்த் தண்டு வலித்தவர், அங்கே துடுப்பு போடுவதை அப்படித்தான் சொல்வார்கள். ஆறு வருஷமாக ஒரே ஆபீஸ், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரும்பும்போது வத்தலக்குண்டில் சாப்பிட நிறுத்தின இடத்தில் மேனேஜர் என்னை எழுந்திருக்கச் சொல்லி, படகை நேராக்கினதற்காக ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் அப்போது தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை, வாங்கிக்கொண்டேன். அந்தப் பிளாஸ்க்கில்தான் அவர் இப்போது எங்களுக்கு டீ வாங்கி வருகிறார்.

தெப்பக்குளம் மேல்கரை:

நான் துடுப்பைத் தொட்டதில்லை, எனக்குத் தெரிந்தது தெப்பம்தான். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு தைப்பூசத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் வடம் பிடித்தோம். மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வரவேண்டும், இவ்வளவு பெரிய தெப்பத்தை மோட்டார் இல்லாமல் மனுஷக் கைதான் இழுத்துக்கொண்டு போகிறது. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எனக்கு முன்னால் இருந்த நாலு பேர் போட்டோ எடுப்பதற்காக வடத்தை விட்டுவிட்டார்கள், எங்கள் ஸ்டாப்தான். அவர்கள் விட்ட பாரம் அப்படியே என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, வடம் ஒரு சாண் வழுக்கிப் போய்த் தோல் உரிந்துவிட்டது.

கை ஆறிவிட்டது. ஆனால் அந்த நாலு பேருக்கும் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது, போட்டோவில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள். நானும் சொல்லவில்லை. ஸ்டாப் ரூமில் அந்தப் படம் மாட்டியிருக்கு, ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

குமாஸ்தா தம்பி, நீங்கள் வாங்கிக்கொண்டது தப்புதான், ஆனால் அதை இங்கே எழுதினீர்களே, அதையே அந்த அண்ணனிடம் சொல்லியிருக்கலாம்.

அடையாறு நாட்கள்:

முதல் பதிவில் மேனேஜரைக் குறை சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன். குரல் கொடுக்க ஒருத்தர் வேண்டும். நான் சென்னையில் படித்தபோது இரண்டு வருஷம் ரோயிங் போனவன், மெட்ராஸ் போட் கிளப் 1867லிருந்து இருக்கிற ஊர் அது. எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக காக்ஸ் என்று ஒருவர் உண்டு, துடுப்பே போடமாட்டார், சுக்கானும் குரலும்தான் அவர் வேலை. படகில் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கு நேர் எதிரே உட்காருபவர் ஸ்ட்ரோக், அவர் வைக்கிற தாளத்தைத்தான் மற்ற ஏழு பேரும் பிடிக்கணும்.

என் அனுபவம் இதுதான். ஒருநாள் பயிற்சியில் என் துடுப்பு தண்ணீருக்குள் கோணலாக இறங்கி மாட்டிக்கொண்டது, கிராப் என்பார்கள். படகு ஓடுகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் இடித்தது, மூச்சே நின்றுவிட்டது. காக்ஸ் "நிறுத்து" என்ற அந்த நொடியில் மற்ற ஏழு துடுப்பும் நின்றன. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, முதலில் நிறுத்தினார்கள், அப்புறம்தான் கேட்டார்கள். அப்புறம் எத்தனையோ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டேன். அப்படி நிறுத்தினவர்களை எங்கேயும் பார்க்கவில்லை.

வில்லாபுரம்:

அடையாறு சார், காக்ஸ் இல்லாமல் படகு போகாது என்கிற மாதிரிப் பேசுகிறீர்களே. 2018 ஆசிய விளையாட்டில், இந்தோனேஷியா பலெம்பாங்கில், நம்ம நாட்டு ஸ்வர்ண் சிங், தத்து போகனல், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் நாலு பேரும் தங்கம் வாங்கினார்களே, அந்தப் படகில் காக்ஸ் கிடையாது. 2000 மீட்டர், நாலு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. முதல் நாள் தனிப் போட்டியில் தத்து போகனல் உடம்பு முடியாமல் தோற்றுப் போயிருந்தார். மறுநாள் காலையில் அதே ஆள் இந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறார், மற்ற மூன்று பேரும் அவரை நம்பி இழுத்திருக்கிறார்கள். இதை யார் எண்ணிச் சொன்னது? அதோடு உங்கள் காக்ஸுக்குத் துடுப்பு தெரியும், அந்த மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தவர் பின்னால் உட்கார்ந்திருந்தார், பேசலாமா கூடாதா என்று யோசித்தே இருபது நிமிஷம் போயிருக்கு. குமாஸ்தா சொல்ல வந்தது அதுதானே.

என் சொந்தக் கதை என்று பெரிதாக இல்லை, பெடல் படகோடு சரி.

மாட்டுத்தாவணி அக்கா:

நான் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாப் டூர் ஏற்பாடு பண்ணுகிறவள். ஒரு தடவை ஒரு நர்ஸ் பெண் படகில் ஏறமாட்டேன் என்றது. எல்லோரும் சேர்ந்து கேலி பண்ணி, கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டோம், நானும்தான். லைப் ஜாக்கெட் பட்டையை இறுக்குவதும் அவிழ்ப்பதும் மறுபடி இறுக்குவதுமாகவே அரைமணி நேரமும் இருந்தது. கரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அந்தப் பட்டையை மட்டுமே பார்த்தது. அப்புறம்தான் சொன்னார்கள், தம்பி வைகையில் போனவனாம்.

அதனால் கூட்டிப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். யாருக்குத் தண்ணீர் பயம் என்று ஒரு வாரம் முன்பே தனித்தனியாகக் கேளுங்கள், பஸ்ஸுக்குள் எல்லோர் முன்னாலும் கேட்டால் ஒருத்தரும் கை தூக்கமாட்டார்கள். ஏறாதவர்களுக்குக் கரையில் ஒரு வேலை கொடுங்கள், நேரம் குறிப்பது, போட்டோ எடுப்பது, அப்போதுதான் ஒதுக்கின மாதிரி இருக்காது. காலையிலேயே படகை முடித்துவிடுங்கள், கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் மழையைச் சொல்ல முடியாது. ஜாக்கெட் பட்டை எல்லாம் கரையிலேயே மாட்டிச் சரிபார்க்கணும். ஏறும்போது படகின் நடுவில் கால் வைக்கணும், ஓரத்தில் மிதித்தால் சாயும். நடுத்தண்ணீரில் எழுந்து நின்று இடம் மாறவே கூடாது, மாறணும் என்றால் கரைக்கு வந்து மாறுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், பழக்கமில்லாத கையில் பத்து நிமிஷத்தில் கொப்புளம் வந்துவிடும். பெரிய அதிகாரிகளை ஒரே படகில் சேர்க்காதீர்கள், அதே சமயம் ஒரு படகுக்கு ஒருத்தர் என்றும் பிரிக்காதீர்கள், அவர்களே வேண்டியவர்களோடு ஏறட்டும். முக்கியமாகப் பரிசு என்று ஒன்று வைக்காதீர்கள். வைத்தே ஆகணும் என்றால் படகுக்காரரிடம் கேட்டுக் கொடுங்கள், யார் என்ன செய்தார்கள் என்று அவர்தான் பார்த்திருப்பார்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறது. நம்பர் இருக்கு, கூப்பிடத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

கோரிப்பாளையம் குமாஸ்தா:

மேல்கரை அக்கா சொன்னதற்கு அப்புறம் ராத்திரி தூக்கம் இல்லை. திங்கட்கிழமை அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாம் துடுப்பு போட்ட அந்தக் கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கின மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தாராம், உங்கள் கடல் பக்கம்தானே அண்ணே என்று சுற்றி வளைத்து ஆரம்பித்து, கடைசியில் பிளாஸ்க் விஷயத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் அடியில் இரண்டு காய்ப்பு, சாம்பல் நிறத்தில். "வத்தைய வித்து முப்பது வருசமாச்சு, இது போகல பாருங்க" என்றார். பிளாஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீயைக் குடித்துவிட்டு, "கேசியர் சாருக்குத் தோளு எப்படி இருக்கு? அன்னைக்கே வீங்கியிருந்துச்சு" என்று கேட்டார். கேஷியர் எனக்குப் பக்கத்து நாற்காலி. எனக்குத் தெரியவில்லை.