மெனோனைட் மூதாதை: பைபிளில் ஆறு பிள்ளைகள், கோர்ட்டில் நாலு. உதவி!

வேர்தேடி:
அவசரம் நண்பர்களே. மனைவி வழி மூதாதை ஒருவர், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குடும்ப பைபிளில் ஆறு பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறது. அவர் இறந்தபின் வந்த கோர்ட் பதிவில் நாலு பேர்தான். மீதி இரண்டு பேர் எங்கே? ஞானஸ்நானப் பதிவும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள், அதற்குள் வேண்டும்.

கிளைமரம்:
எந்த நாடு? ரஷ்யாவா, கனடாவா, பென்சில்வேனியாவா? எந்த வருஷம்? என்ன கோர்ட்?

பழஞ்சுவடி:
மெனோனைட்டுகளிடம் போய்க் குழந்தை ஞானஸ்நானப் பதிவு தேடுகிறீர்களா! விவரம் தெரிந்த வயதில் தானாகக் கேட்டு வாங்குவதுதான் அவர்கள் ஞானஸ்நானம். பழைய இழைகளை ஒரு தடவையாவது படித்துவிட்டு வாங்க தம்பி.

மணி_திருச்சி:
இரண்டாம் தாரம்தான். பந்தயம். மூத்தாள் பிள்ளைகளைக் கழற்றி விட்டிருப்பார்கள்.

வேர்தேடி:
பென்சில்வேனியா, லான்காஸ்டர் கவுண்டி. இறந்தது 1772. ஆர்ஃபன்ஸ் கோர்ட், அதாவது அனாதைப் பிள்ளைகளின் சொத்தைக் கவனிக்கும் கோர்ட். ஆனால் தாய் உயிரோடு இருந்திருக்கிறார், அப்புறம் ஏன் அந்தக் கோர்ட்? பைபிள் ஜெர்மன் மொழி, ஜெர்மன்டவுனில் அச்சிட்டது, 1776.

கிளைமரம்:
அப்பா போனாலே போதும், தாய் இருந்தாலும் பிள்ளைகளின் சொத்துப் பங்குக்குக் கார்டியன் (பாதுகாவலர்) வைப்பார்கள். 14 வயதுக்குக் கீழே என்றால் கோர்ட்டே நியமிக்கும். அதற்கு மேல் என்றால் பிள்ளையே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், அது தனிப் பதிவாக இருக்கும். 21 தாண்டினால் கார்டியனே தேவையில்லை. அதே தேதியில் முன்னும் பின்னும் புரட்டுங்கள்.

இன்னொன்று: 1772இல் இறந்தவர் 1776இல் அச்சான பைபிளில் எப்படி எழுதியிருப்பார்? ஆறு பெயரும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் பின்னால் யாரோ ஒரே மூச்சில் எழுதியது. பிறந்த தேதிகளை அப்படியே நம்ப வேண்டாம்.

மணி_திருச்சி:
மூத்தாள் பிள்ளைகள் என்றுதான் இப்பவும் சொல்கிறேன். சரி, இவர்கள் குதிரை வண்டி ஆமிஷ்காரர்கள்தானே?

பழஞ்சுவடி:
இல்லை. 1693இல் ஜேக்கப் அம்மான் பிரிந்து போனதில் வந்தவர்கள் ஆமிஷ். மெனோனைட் வேறு. இதுகூடத் தெரியாமல் பந்தயம் வேறு.

லாவண்யா_பில்லி:
லான்காஸ்டரில் குதிரை வண்டி ஓட்டும் பழைய ஒழுங்கு மெனோனைட்டுகளும் இருக்கிறார்கள் சார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழஞ்சுவடி:
நான் வண்டியைப் பற்றிப் பேசவில்லை அம்மா. வரலாற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

லாவண்யா_பில்லி:
கேட்டவர் வண்டியைப் பற்றித்தான் கேட்டார்.

கிளைமரம்:
இரண்டு பேரும் தனி இழை திறங்களேன். வேர்தேடி, ஊர் எது? இன்றைக்கு லெபனான் கவுண்டியில் இருந்தாலும் பதிவு லான்காஸ்டரில்தான் இருக்கும், லெபனான் 1813இல் பிரிந்தது. மூத்தது பெண்ணா? கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன் பெயரில் தேடுங்கள்.

வேர்தேடி:
ஒருவன் கிடைத்துவிட்டான்! அதே நாள், அடுத்த பக்கம், தானே கார்டியனைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பைபிளில் எல்லாம் ஒரே மை. மூத்த பெண் இன்னும் இல்லை. கிளம்புகிறேன், நன்றி.

கிளைமரம்:
தேர்ந்தெடுத்த கார்டியன் பெயர் என்ன? மூத்த பெண்ணின் புருஷனாகக்கூட இருக்கலாம்.

மணி_திருச்சி:
ஆள் போய்விட்டார் அண்ணே.