கல்யாணத்துக்கு முன்னாலேயே சூசொக்குக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறீர்களா?

கொரியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, இங்கேயே ஒருவரோடு கல்யாணம் பேசி முடித்து, இப்போது "சூசொக்குக்கு எங்க வீட்டுக்கு வா" என்ற அழைப்போடு முழிக்கிற தங்கைகளுக்காக எழுதுகிறேன். சூசொக் என்பது இங்கே முன்னோருக்குப் படையல் வைக்கிற அறுவடைப் பண்டிகை. நான் போனது 2024இல், அந்தோங் பக்கத்துக் கிராமத்துக்கு. சடங்கு சம்பிரதாயத்துக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் அது, அதனால் நான் பட்ட பாட்டில் பாதிகூட உங்களுக்கு இருக்காது.

முதலில், கூப்பிட்டது அவரா, அவர் அம்மாவா என்று கேளுங்கள். நிச்சயமான பெண்ணே ஆனாலும் தாலி ஏறாதவரை (இங்கே தாலி இல்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்) காலைப் படையலுக்கு வரவேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் உண்டு. அப்படியானால் அன்று மதியத்துக்கு மேல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும், யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரயிலில் போவதென்றால் பண்டிகை டிக்கெட்டுக்குத் தனியாக முன்பதிவு நாள் உண்டு, தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கிற கதைதான். நாங்கள் காரில் போனோம், மூன்று மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆனது.

அப்புறம் சாப்பாடு. நான் கோழி, மீன் சாப்பிடுவேன், மாடு மட்டும் சாப்பிட மாட்டேன். அதை அவர் வீட்டில் சொல்லியிருந்தார், அத்தையும் (அவர் அம்மாவை இங்கே அப்படித்தான் எழுத வருகிறது) ஞாபகமாகக் கறித்துண்டே போடாமல் தொரான்குக் வைத்திருந்தார். தொரான் என்றால் நம் சேப்பங்கிழங்கு. ஆசையாக ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, குழம்பே மாட்டெலும்பு கொதிக்கவைத்த தண்ணீர். அவர்கள் கணக்கில் கறி இல்லையென்றால் மாடு இல்லை. அதனால் "கோகி (கறி) வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், "சோகோகி, சோகோகி யுக்சு இரண்டும் ஆகாது" என்று மாட்டுக்கறியையும் அதன் சாற்றையும் பிரித்துச் சொல்லுங்கள், அதுவும் ஒரு வாரம் முன்னாலேயே, உங்கள் ஆள் வாயால். ஜப்சே என்கிற நூடுல்ஸிலும் மாடு இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

படையலைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வருடம் சூசொக் செப்டம்பர் 17, மறுநாள் நம் ஊரில் மகாளய பட்சம் தொடங்கியது, முன்னோருக்குச் சோறு வைக்கிற அதே நேரம்தான். அந்தோங் பக்கம் படையலில் ஆக்டோபஸ் இருக்கும், அதை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். முன்னோருக்கு வைத்த சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவார்கள். அதனாலேயே நீங்கள் சாப்பிடும்போது கிண்ணத்தில் கரண்டியோ குச்சியோ நிற்கக் கூடாது.

விழுந்து கும்பிடும்போது பெண்களுக்கு வலது கை மேலே, ஆண்களுக்கு இடது கை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரே ஒரு முறை. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் பாட்டியை இரண்டாம் முறையும் கும்பிடக் குனிந்துவிட்டேன். இரண்டு முறை என்பது செத்தவர்களுக்கு! நல்லவேளை, பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொன்று, கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான் என்று மாமனாரை அப்பா என்று கூப்பிட்டுவிடாதீர்கள், அது சொந்த அப்பாவைச் செல்லமாகக் கூப்பிடுவது. அவர் அபொனிம், அத்தை ஒமொனிம்.

அடுக்களைதான் பெரிய விஷயம். மீன், பூசணி, கறி என்று எல்லாவற்றையும் முட்டையில் தோய்த்து ஜொன் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். பண்டிகை முடிந்து மருமகள்களுக்கு வருகிற உடம்பு வலிக்கும் மனவலிக்கும் மியொங்ஜொல் ஜுங்ஹுகுன் என்று பெயரே இருக்கிறது. இத்தனைக்கும் கன்பூசிய மரபின் தலைமையிடமான சொங்கியுன்குவானே 2022இல், படையலுக்கு எண்ணெய்ப் பலகாரம் தேவையில்லை, அதிகபட்சம் ஒன்பது வகை போதும் என்று சொல்லிவிட்டது. வீடுகளுக்குத்தான் இன்னும் கேட்கவில்லை. நீங்கள் இன்னும் விருந்தாளி, முதல் நாளே மருமகளாகி நாள் முழுக்க அடுப்படியில் நிற்காதீர்கள். நின்றால் அவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள், முட்டை அடிக்கக் கொரிய ஆண்களுக்கும் கை இருக்கிறது.

சொங்பியொன் பிடிக்க மட்டும் ஓடிப்போய் உட்காருங்கள். அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, எள்ளும் சர்க்கரையும் வைத்து, பிறை மாதிரி மூடி, பைன் இலைமேல் அவிப்பது. நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறக்கும் என்று ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள், என் விரலைப் பார்த்து அத்தை அதையே மூன்று முறை சொன்னார்.

கையில் ஒரு பெட்டி நல்ல பேரிக்காய் கொண்டுபோங்கள். நான் கூடவே முந்திரியும் கொடுத்தேன். கிளம்பும்போது அத்தை, மிச்ச ஜொன்னோடு ஒரு பை பச்சைச் சேப்பங்கிழங்கையும் வண்டியில் வைத்து, உன் ஊர் மாதிரி நீயே செய்துகொள் என்றார். அதை வறுத்துப் படம் அனுப்பியதுதான் தப்பாகிவிட்டது, இப்போது ஒவ்வொரு சூசொக்குக்கும் வறுவல் என் பொறுப்பு. இங்கே கிடைக்கிற மிளகாய்த்தூள் நிறம்தான், காரம் இல்லை, அம்மாவிடம் அரைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.