தம்பி திடீரென்று போய்விட்டான், எல்லாரும் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்

மூத்தவள்_சிப்புட் எழுதியது:

வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதியதில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்து, தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி வந்த குடும்பம். நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியில் தங்கச்சி. அப்பா முன்பே தவறிவிட்டார்.

தம்பிக்கு 34 வயது, கல்யாணம் ஆகவில்லை, செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை. வைகாசியில் ஒருநாள் ராத்திரி ஷிப்டு முடிந்து விடியற்காலை வந்தவன், நெஞ்சு எரிகிறது, கேஸ் போலிருக்கிறது என்றான். அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்தான். மத்தியானம் சாப்பிட எழுப்பப் போனால் உடம்பு ஜில்லென்று இருந்தது. பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு என்றார்கள். சிகரெட் உண்டு, மற்றபடி வாரம் தவறாமல் பந்து விளையாடுகிற பையன்.

பதினாறு முடிந்து இப்போது ஆவணி வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி, "அம்மா எப்படி இருக்காங்க?" அப்புறம், "நீதான் மூத்தவ, நீ உடைஞ்சு போனா அவங்கள யாரு பார்க்கிறது?" கேட்பது நியாயம்தான், பெற்றவள். ஆனால் காந்தி கலாசாலைக்கு அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனது நான்தானே. லயத்துக் குழாயடிச் சண்டை, கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) வீட்டு ரம்புத்தான் மரம், அப்பா சம்பளத்தன்று வாங்கி வரும் பொட்டலம் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தவை. தங்கச்சி தோட்டத்தை விட்டு வந்த பிறகு பிறந்தவள், அவளுக்கு அதெல்லாம் யாரோ சொன்ன கதை. இனி இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

போலீஸ் ரிப்போர்ட், மரணச் சான்றிதழ், அவன் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் என் தலையில். அம்மா முன்னால் அழ முடியவில்லை, தனியாக உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. விடியற்காலை அவன் மோட்டார் சைக்கிள் வருகிற நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது, சில நாள் மோட்டார் சத்தமே கேட்கிறது, நெஞ்சு அடைத்துப் படபடவென்று அடிக்கிறது. தங்கச்சி நெட்டில் படித்துவிட்டு துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு என்கிறாள். நான் எந்தக் கட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாவோ "நான் ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வச்சிட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவன் மோட்டார் போர்ச்சில் நிற்கிறது, சித்தப்பா மகன் ஒருவன் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். தீபாவளி வேறு வருகிறது. கூடப்பிறந்தவர்களை இப்படித் திடீரென்று இழந்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை நிறையக் கேட்டாகிவிட்டது, அது வேண்டாம்.

பழைய_தண்டல் பதில்:

அம்மாடி, படித்ததும் மனசு கேட்கவில்லை. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பால்மரக் (ரப்பர்) காலத்து ஆள். அப்போது ஒரு லயத்தில் சாவு விழுந்தால் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே எல்லா லயத்துக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அதில் தாய்க்கு ஒரு பாட்டு, பெண்டாட்டிக்கு ஒரு பாட்டு, கூடப்பிறந்தவளுக்கு என்று தனியாக ஒரு பாட்டு. அண்ணன் தம்பியை இழந்தவள் தன் பாட்டைப் பாடும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்கிறாயே, அன்றைக்கு உனக்கென்று ஒரு முறை வந்திருக்கும்.

இப்போது என்ன? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், சனம் ஆளுக்கு ஒரு தாமானில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், ஐந்து மணிக்குக் கூடாரக்காரன் நாற்காலியை அடுக்குகிறான், ராத்திரி வாட்ஸ்அப்பில் கைகூப்பின படம் வருகிறது. அழுகை எங்கே வரும்?

அம்மா ஓமத்தண்ணிக் கதையைச் சொன்னால் நிறுத்தாதே. சொல்லட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நீயும் அழு. மோட்டாரை வருஷத் திதி வரைக்கும் யாருக்கும் கொடுக்காதே, கேட்பவனை என்னிடம் அனுப்பு. மூத்தவள் தைரியமாக இருக்க வேண்டும், அதுதான் குடும்பத்துக்குத் தூண்.

கெரியான்_பொண்ணு பதில்:

ஐயா சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. அந்தத் தூண் பேச்சை நான் நிறையக் கேட்டவள். என் அக்கா வேலைக்குப் போகிற வழியில் லோரி மோதி இறந்தாள். அந்த வருஷம் முழுக்க நான் தூணாகவே நின்றேன், அம்மாவுக்கு மாத்திரை, அக்கா பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ். நன்றாகச் சமாளிக்கிறாள் என்று ஊரே சொன்னது. அப்புறம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அவளுக்குப் பிடித்த அப்பாம் பாலிக் பலகாரக் கடை முன்னால் நின்று, அத்தனை கூட்டத்தில், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். கடைக்கார மலாய் மக்சிக் (அத்தை) ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். என்னைப் பற்றி முதலில் கேட்ட ஆள் அவர்தான்!

அக்கா, உங்களுக்கு நான் சொல்வது, அம்மாவை மாற்றி மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் தங்கச்சியோ சித்தியோ அம்மாவோடு இருக்கட்டும், அன்றைக்கு நீங்கள் யாருக்கும் மூத்தவள் இல்லை. தங்கச்சியையும் சின்னவள் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவளுக்கும் அண்ணன் போயிருக்கிறான், அவளிடம் அம்மாவைப் பற்றிக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் "நீங்க எத்தனை பேரு கூடப்பிறந்தவங்க?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள், தொண்டையில் வந்து நிற்கும். இரண்டு என்று சொன்னால் அவளைத் துரோகம் செய்த மாதிரி, மூன்று என்றால் அடுத்த கேள்வி "அவங்க என்ன பண்றாங்க?" நான் ஆளைப் பொறுத்து முடிவு செய்துகொள்கிறேன். கிராப் டாக்சி ஓட்டுநரிடம் மூன்று பேர், எல்லாரும் சௌக்கியம். இதில் பொய் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

தீபாவளி கொண்டாடாவிட்டாலும் வீட்டைச் சும்மா போடாதீர்கள், முதல் வருஷம் அந்த நாள் முழுக்க டிவியும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது கொடுமை. தம்பிக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, அவனோடு பந்து விளையாடினவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியாத கதைகள் அவர்களிடம் இருக்கும்.

நைட்_டியூட்டி பதில்:

அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். சிஸ்டர், நீங்கள் நெஞ்சடைப்பு என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். துக்கத்தில் படபடப்பும் நெஞ்சு இறுக்கமும் வரும், உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் 34 வயதில் மாரடைப்பு நடந்திருக்கிறது. அப்பா, அண்ணன் தம்பி 55 வயதுக்கு முன்பும், அம்மா, அக்கா தங்கச்சி 65க்கு முன்பும் இதயநோய் கண்டால் மற்றக் கூடப்பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்றே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பரம்பரையாகக் கொழுப்புச்சத்து எகிறுகிற குடும்பங்களும் உண்டு. அதனால் "மனக்கவலைதான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் நீங்களும் தங்கச்சியும் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். தம்பி எப்படி இறந்தான் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஈசிஜி பார்க்கச் சொல்வார்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள்.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். மாரடைப்பு வலியைக் கேஸ் என்று நினைப்பது எவ்வளவு சாதாரணம் என்றால், ஈனோ குடித்துவிட்டு வந்தவர்களை அவசரப் பிரிவில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தானாகவே கார் ஓட்டிக்கொண்டு வந்து "கேஸ் மருந்து மட்டும் கொடுங்க" என்றவர்களும் உண்டு. ஈசிஜி எடுக்காமல் எங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. ஓமத்தண்ணி அவனைக் கொல்லவில்லை. மகள் சொல்லி ஏறாது, கிளினிக்கில் மருத்துவரையே அம்மாவிடம் சொல்ல வையுங்கள், அந்த வயதுக்காரர்கள் வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்பார்கள்.

அந்த ஐந்து கட்டத்தை விட்டுவிடுங்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் அதை எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. இழந்தவர்கள் வரிசையாக ஏறவேண்டிய படி என்று எடுத்துக்கொண்டது பிற்பாடு. ஒருநாள் ஃபாரம் நிரப்பிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள், மறுநாள் பாத்ரூமை விட்டு வரமாட்டீர்கள், இரண்டும் சேர்ந்துதான் துக்கம். இறந்தவர் குரலோ வண்டிச் சத்தமோ கேட்பதும் பலருக்கு உண்டு, பைத்தியம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் என்று ஒரு நோய் இருக்கிறது, அதற்கே ஆறு மாதமாவது கடந்து, அன்றாட வேலை ஓடாத அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆனால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அவனோடு போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். போலீஸ் பிடிக்கும் என்று பயந்து சிலர் வாயே திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நீக்கியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம்.

நாலாம்_நம்பர்_லயம் பதில்:

மனசு விஷயம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ஃபாரம் விஷயம். வேலை செய்யும்போது அடிபட்டால்தான் சொக்சோ என்று நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். தப்பு. வீட்டில் நோயால் இறந்தாலும், வயது 60க்குள் இருந்து சந்தா போதுமான அளவு கட்டியிருந்தால், பிழைத்திருப்போருக்கான ஓய்வூதியம் உண்டு. மனைவி பிள்ளை இல்லாததால் அம்மா கேட்கலாம். ஈமச்சடங்கு உதவித்தொகையும் தனியாக இருக்கிறது, செலவு ரசீதுகளை வைத்திருங்கள்.

இபிஎஃப்பில் அவர் யாரை நாமினியாகப் போட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நாமினி பெயரில் இருப்பது நாமினிக்கே. அது போக 2,500 வெள்ளி மரண உதவி தருகிறார்கள், இறந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். வைகாசி என்றால் கார்த்திகை வரை தள்ளாதீர்கள். மோட்டார் பெயர் மாற்றச் சொத்து நிர்வாகக் கடிதம் கேட்பார்கள், அது வரும் வரை யாருக்கும் கொடுக்க முடியாது என்று சித்தப்பா மகனிடம் சொல்லிவிடலாம். சட்டம் பேசினால் சொந்தக்காரன் வாய் அடங்கும்.

மூத்தவள்_சிப்புட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலைக்கு நடுவில் போனில் படித்ததால் ஒழுங்காகப் பதில் எழுத முடியவில்லை. கிளினிக்குக்கு மூன்று பேரும் போகிறோம், தங்கச்சி முதலில் முரண்டு பிடித்தாள், 55 வயதுக் கணக்கைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். தண்டல் ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்கச் சொன்னார். கெரியான் தங்கச்சி, உங்கள் ஸ்டூல் மக்சிக் எங்கே கடை போடுகிறார்?

நாலாம் நம்பர் அண்ணே, ஈப்போவில் சொக்சோவும் இபிஎஃப்பும் ஒரே நாளில் முடியுமா? அம்மாவை இரண்டு தடவை அலைய வைக்க முடியாது, முட்டி வலி.

நாலாம்_நம்பர்_லயம் பதில்:

காலையில் கதவு திறக்கும்போதே சொக்சோவில் இருந்தால் முடியும். திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம். மரணச் சான்றிதழ், அம்மா ஐசி (அடையாள அட்டை), தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அம்மா பேங்க் புத்தகம், எல்லாவற்றுக்கும் அசலோடு இரண்டு செட் நகல். அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போங்கள்.