காற்றடைக்கும் ஹாட் டப்: புல்தரையில் அப்படியே வைக்கலாமா, தளம் போடணுமா?

கேள்வி:
காற்றடைத்து நிறுத்தும் வட்ட ஹாட் டப் (வெந்நீரில் உட்காரும் தொட்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். நான்கு பேருக்கானது. விட்டம் 2 மீட்டர், 900 லிட்டர் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தோட்டத்தில் புல்தரை இருக்கிறது, பார்த்தால் மட்டமாகத்தான் தெரிகிறது. தார்ப்பாய் விரித்து அப்படியே வைத்துவிடலாமா? இல்லை, முழங்கால் உயரத்தில் இருக்கும் மரப்பலகை மேடையிலேயே வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எது சரி?

பதில்:
முதலில் எடையைப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே 900 கிலோ. நான்கு பேர் இறங்கினால் இன்னும் 280 கிலோ வரும். மொத்தம் 1,200 கிலோ, அதுவும் சுமார் 3 சதுர மீட்டருக்குள். சதுர மீட்டருக்கு 400 கிலோவை நெருங்குகிறது. வீட்டு அறைகளின் தளத்தையே 150 முதல் 200 கிலோ சுமைக்குத்தான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். பத்துப் பேர் நின்றபோது மேடை தாங்கியதே என்பதெல்லாம் இங்கே செல்லாது. அடியில் இருக்கும் சட்டங்களையும் கால்களையும் ஒரு பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த யோசனையைத் தள்ளி வையுங்கள்.

இன்னொருவர்:
நாங்கள் புல் மேல்தான் வைத்தோம், ஒரு கோடை முழுக்க ஓடியது. மேடுபள்ளம் இருந்தால் மணல் கொட்டி நிரவிவிடுங்கள், போதும்.

முதலில் பதில் சொன்னவர்:
கொஞ்ச நாளைக்கு என்றால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் மண் ஈரமானால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும். ஒரு ஓரம் 3 செ.மீ. இறங்கினால் தண்ணீரும் அங்கே 3 செ.மீ. கூடுதலாக நிற்கும், அந்தப் பக்கச் சுவர்தான் பிதுங்கும். அடியில் புல் அழுகி நாறும், பூஞ்சை பிடிக்கும். மணலும் மழையில் அரித்துப் போய்விடும், எறும்பும் குடியேறும். கூர்மையான ஜல்லியை நேரடியாக அடியில் போடவே போடாதீர்கள், குத்திக் கிழித்துவிடும்.

நிரந்தரமாக வைப்பதானால் புல்லை வெட்டி எடுத்து, 10 செ.மீ. ஜல்லி போட்டு, திமுசு அடித்து இறுக்கி, மேலே 10 செ.மீ. கான்கிரீட் போடுங்கள். டப்பைவிட எல்லாப் பக்கமும் ஒரு அடி அகலமாக இருக்கட்டும், பம்புக்கும் இடம் வேண்டுமே. நன்றாக இறுக்கிய அடித்தளத்தின் மேல் தரைக்கல் பதித்தாலும் போதும். தளம் ரசமட்டத்துக்குச் சரியாக நிற்கணும். மழைநீர் வடிவதற்கான சாய்வைச் சுற்றியுள்ள தரையில் கொடுங்கள், தளத்தில் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, மேடை யோசனையை விட்டாச்சு. கான்கிரீட்தான். போட்டு எத்தனை நாள் கழித்து டப்பை வைக்கலாம்? வெறும் கான்கிரீட் மேல் வைத்தால் சூடு கீழே இறங்கிவிடாதா?

மூன்றாமவர்:
இறங்கும். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய்களை டப்பின் அடி முழுக்கப் பரப்புங்கள். ஹீட்டர் அடிக்கடி ஓடுவது குறையும், அடிப்பகுதியும் உரசித் தேயாது. மெத்தென்று தடிமனாக எதையும் போடாதீர்கள், அமுங்கி மட்டம் கெடும். கான்கிரீட்டை முதல் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு.

இதோடு கரண்ட் விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். பல மாடல்களில் ஹீட்டர் 2 கிலோவாட் வரை இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கசிவு மின்சாரத்தில் தானாக விழும் ஆர்சிடி உள்ள தனி இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துக் கொடுங்கள். தளம் போடும் முன்பே 900 லிட்டரும் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே செடிக்கு விடக் கூடாது.

முதலில் பதில் சொன்னவர்:
இன்னொன்று. முதல் தடவை நிரப்பும்போது ஒரு சாண் உயரத்தில் குழாயை நிறுத்தி, தண்ணீரின் ஆழத்தை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரே அளவு வந்தால் மேலே நிரப்புங்கள். வராவிட்டால் அந்தத் தண்ணீரை வடித்துத் தளத்தைச் சரிசெய்யலாம். முழுக்க நிரம்பிய பிறகு டப்பை நகர்த்த முடியாது.