உருளை இலைக்கருகலுக்கு மருந்தடிக்காம என்ன பண்றது?

தும்மனட்டிக்காரன்:
நாலு நாளா மிஸ்ட் விடவே இல்ல, கிழங்கு இலை ஓரத்துல தண்ணி கோத்த மாதிரி கரும்புள்ளி, காலைல இலையத் திருப்பிப் பாத்தா அடியில வெள்ளையா பூஞ்சணம். கடை மருந்து வேணாம்னு வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. புளிச்ச மோர் கேக்குமாண்ணே?

மலைத்தோட்டம்:
தம்பி, மோர் சாம்பல் நோய்க்கு ஓகே, இதுக்கு பத்தாது. புள்ளி விழுந்த இலைய கிள்ளி தோட்டத்துக்கு வெளிய புதைச்சிட்டு 1% போர்டோ கலவை அடிங்க. மயில்துத்தம் (செம்பு உப்பு, காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர். ரெண்டையும் தனித்தனியா பிளாஸ்டிக் டிரம்ல கரைச்சு, துத்தத்த சுண்ணாம்புல ஊத்தணும், மாத்தி ஊத்திராதீங்க. இரும்புக் கத்திய முக்கி எடுங்க, செவப்பா ஒட்டுச்சுன்னா சுண்ணாம்பு பத்தல. அன்னிக்கே அடிச்சு முடிச்சிரணும்.

கூக்கல்தொரை அக்கா:
இயற்கை விவசாயத்துல போர்டோவுக்கு அனுமதி உண்டு, ஆனா செம்பு மண்ணுல தங்கிரும், வாராவாரம் ஊத்தாதீங்க. நோய் வராதப்பவே சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா பொடிய லிட்டருக்கு 5 கிராம் போட்டு சாயங்காலமா அடிக்கலாம், போர்டோகூட மட்டும் கலக்காதீங்க, பாக்டீரியா செத்துரும்.

தும்மனட்டிக்காரன்:
ஐயோ, ரெண்டையும் ஒரே டிரம்ல கலக்கத்தான் இருந்தேன் அக்கா.

மலைத்தோட்டம்:
அடுத்த போகத்துக்கு குஃப்ரி கிரிதாரி விதை கெடைக்குதான்னு பாருங்க, கருகலத் தாங்குற ரகம்.