மறு: ‘தாவரச் சூல்முதிர்வு ஊக்கி’ – ‘தணிப்பி’ என்று வைக்கலாம்

> சூல்செல்லை (கருமுட்டையை) உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் முதிரவைக்கும்போது ஊடகத்தில் சேர்க்கும் ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின் போன்ற தாவரச் சேர்மங்களைத் ‘தாவரச் சூல்முதிர்வு ஊக்கி’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

‘ஊக்கி’ பொருந்தாது. சூல்செல்லை முதிரத் தூண்டுபவை வளர்ப்பூடகத்தில் சேர்க்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள். ரெஸ்வெரட்ராலின் வேலை வேறு. மாட்டுச் சூலகத்தின் 2–8 மி.மீ. நுண்ணறைகளிலிருந்து (சூல்செல் வளரும் சிறு பைகள்) 18 கேஜ் ஊசியால் உறிஞ்சிய சூல்செல்கள் 38.5 டிகிரி செல்சியஸில், 5% கார்பன் டை ஆக்சைடில் 22–24 மணி நேரம் இருக்கின்றன. சாதாரண இன்குபேட்டரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20%. கருக்குழாயில் அதில் பாதிகூட இராது. அந்த மிகுதியால் உண்டாகும் வினைமிகு ஆக்சிஜன் (செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்கள்), செல்லின் தற்காப்புச் சேர்மமான குளுட்டாதயோனின் இருப்பைக் கரைத்துவிடுகிறது. முதல் துருவச் செல் (முதிர்வின்போது பிரியும் சிறு செல்) வெளிவந்திருக்கும், உட்கரு முதிர்ந்திருக்கும், சைட்டோபிளாசம் தேறியிருக்காது. கருவுற்றாலும் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழி உண்டான இளங்கரு) நிலையை எட்டாமல் நின்றுவிடும். இந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் இவற்றைச் சேர்க்கிறோம்.

‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்ற பழகிய சொல்லும் இந்த இடத்தில் நெருடுகிறது. குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல்பிரிவு) மறுபடி தொடங்கச் சிறிதளவு வினைமிகு ஆக்சிஜன் வேண்டும். அடியோடு துடைத்தால் முதிர்வே கெடும். அளவு மிஞ்சினால் இந்தப் பாலிஃபீனால்களே ஆக்சிஜனேற்றிகளாக மாறவும் கூடும். ‘தடுப்பான்’ என்று படிக்கும் மாணவர், கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் நன்மை என்றுதானே நினைப்பார்? ஆகவே ‘தாவர ஆக்சிஜனேற்றத் தணிப்பி’. பித்தம் தணிப்பது, சூடு தணிப்பது என்று நாம் அன்றாடம் சொல்வதில் உள்ள வினைதான்: மிகுந்ததை அளவுக்குக் கொண்டுவருவது.

சொல்விளக்கத்தில் அளவும் வரட்டும். ரெஸ்வெரட்ரால் 2.28 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை டிஎம்எஸ்ஓவிலேயே பத்து மடங்கு நீர்க்கச் செய்து, ஊடகத்தின் ஒவ்வொரு மி.லி.க்கும் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 1 மைக்ரோமோலார்; டிஎம்எஸ்ஓ 0.1%இல் நிற்கும். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே 0.1% டிஎம்எஸ்ஓ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பலன் மருந்தாலா கரைப்பானாலா என்று பிரித்தறிய முடியாது. ஒளி பட்டால் ரெஸ்வெரட்ராலின் வடிவம் மாறும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றி, சிறு பங்குகளாக −20 டிகிரியில் வைக்கவும்.

– குரும்பாபேட்டை, புதுச்சேரி

* * *

ஐயா, வணக்கம்.

‘தணிப்பி’க்கு முழு ஒப்புதல். ‘தாவர’ என்ற அடையை மட்டும் ‘தாவரவழி’ என்று திருத்தக் கேட்கிறேன். ஊடகத்தில் போவது தூய்மைப்படுத்திய சேர்மம், பிழிந்த சாறு அன்று. ‘தாவரத் தணிப்பி’ என்றால் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப்பழத்தைப் பிழிந்து வடிகட்டி ஊற்றிப் பார்க்கத் தோன்றும். சாற்றின் சர்க்கரை ஊடகத்தின் சவ்வூடு அழுத்தத்தை ஏற்றிவிடும், டானின் சீரப் புரதங்களைப் பற்றி வீழ்படிவாக்கும், அமிலம் பிஎச்சை இறக்கும். அப்புறம் சூல்செல் கெட்டது எதனால் என்று யார் சொல்வது?

மஞ்சளில் உள்ள குர்குமினுக்குத் தனிக் குறிப்பு தேவை. பிஎச் 7.4இல், சீரம் இல்லாத ஊடகத்தில் அது வேகமாகச் சிதையும். உடனுக்குடன் கலக்க வேண்டும். அளவு கூடினால் சுண்டெலிச் சூல்செல்களின் முதிர்வு குறைவதும் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று: ரெஸ்வெரட்ரால், குர்குமின் இரண்டும் எண்ணெய் நாடுபவை. 50 மைக்ரோலிட்டர் துளியின் மேல் மினரல் ஆயில் மூடினால் ஒரு பங்கு எண்ணெய்க்குள் நழுவும். நாம் எழுதிய அளவு செல்லுக்குக் கிடைக்காது. நாற்குழித் தட்டில் குழிக்கு 500 மைக்ரோலிட்டர் ஊற்றி, எண்ணெய் இல்லாமல், ஈரப்பதம் நிறைந்த இன்குபேட்டரில் வைப்பது மேல்.

‘உடல்வெளிக் கருவுறுதல்’ ஏற்கெனவே புழங்குவதால், சூல்செல்லை ஆய்வகத்தில் முதிரவைக்கும் இந்த முறைக்கு ‘உடல்வெளிச் சூல்முதிர்வு’ எனலாம். ‘செயற்கை முதிர்வு’ வேண்டாம். முதிர்வு இயல்பானது, இடம்தான் வேறு.

– கடலூர்