வேலியில வெள்ளைப் பழம், என்ன செடி இது? அவசரம்

கெடிலக்கரை:
கொல்லை வேலியில ஒரு செடி, மணி மணியா வெள்ளைப் பழம். பாப்பா ரெண்டு வாயில போட்டுட்டா, ஒண்ணைத் துப்பினா. செடி பார்க்குற ஆப்ல போட்டேன். ஸ்னோபெர்ரி, விஷம்னு வருது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

உப்பளத்தான்:
முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பழத்தோட ஒரு கிளையை ஒடிச்சு எடுத்துக்கோங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாப்பாவுக்கு என்ன வயசு?

முந்திரித்தோப்பு:
படம் எங்கே? முள் இருக்கா? ஒடிச்சா பால் வருதா? இலை எதிரெதிரா, மாறி மாறியா?

மரநேசன்:
ஸ்னோபெர்ரி வட அமெரிக்கக் குளிர்க்காட்டுப் புதர். முள்ளே கிடையாது. கடலூர் வெயில்ல வேலியா நிக்காது. ஆப் சொல்றதை அப்படியே நம்பாதீங்கன்னு இங்கே எத்தனை தடவை எழுதுறது? வெள்ளைப் பழம்னா பூலாதான். நாங்க பறிச்சுத் தின்னு வளர்ந்தது.

முந்திரித்தோப்பு:
அண்ணே, இசங்கும் வெள்ளையாத்தான் பழுக்கும். பூலாவுக்கு இலை மாறி மாறி, வட்டமா இருக்கும், கிளை நுனியே முள்ளா கூர்ந்துடும். இசங்குக்கு இலை ஜோடி ஜோடியா எதிரெதிர், இலை நுனியே குத்தும். கணுவுக்கு நாலு முள் வரைக்கும் இருக்கும். லத்தீன் பேர்லயே டெட்ராகாந்தா, நாலு முள்ளுன்னுதான் வருது.

தேவனாம்பட்டினம்:
இசங்கா? எங்க பக்கம் சங்கஞ்செடிம்பாங்க.

வில்லியனூரான்:
சங்கங்குப்பியைச் சொல்றீங்களா? அதுக்கு முள் ஏது?

தேவனாம்பட்டினம்:
அது வேற, இது வேறங்க. பேர்ல சங்கு இருந்தா ஒண்ணாயிடுமா?

மரநேசன்:
இதுக்குத்தான் லத்தீன் பேரைப் போடுங்கன்னு சொல்றேன்.

தேவனாம்பட்டினம்:
எங்க ஆயாவுக்கு லத்தீன் தெரியாது. ஆனா எந்தச் செடியையும் மாத்திப் பறிச்சதில்ல.

உப்பளத்தான்:
பேர்ச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. கெடிலக்கரை, ஆஸ்பத்திரி போயிட்டீங்களா?

கெடிலக்கரை:
ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். மூணு வயசு. நல்லாத்தான் இருக்கா, சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பார்க்கணும்னாங்க. கையில இருக்குற கிளையில கணுவுக்கு நாலு முள், இலை எதிரெதிர். பால் வரல.

முந்திரித்தோப்பு:
அப்போ இசங்குதான். இருந்தாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் கிளம்பாதீங்க. எழுத்தை வச்சுத்தான் சொல்றேன், கிளையை நான் பார்க்கல.

மரநேசன்:
நாலு முள்ளுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் இசங்குன்னுதான் சொல்லியிருப்பேன்.

உப்பளத்தான்:
மணி எட்டாச்சு. பாப்பா எப்படி இருக்கா?

கெடிலக்கரை:
வீட்டுக்கு வந்துட்டோம். சோறு சாப்பிட்டுத் தூங்குறா.